ஒன்பதாம் பொறி

செவ்வாய்தோறும் எண்ணுகிறேன்.
பண்ருட்டி தாண்டி, தார்ச்சாலை விட்டிறங்கினால் செம்மண்,
முந்திரிக்கு அந்தப் பக்கம் பலா.
பன்னிரண்டு மரத்தில் பன்னிரண்டு பொறி,
கூரை மட்டும் உள்ள மஞ்சள் காகித வீடுகள்.
உள்ளே ஒரு ரப்பர் மூடி,
அதில் கடுகளவு வாசனை,
தரை முழுக்கப் பசை.

வாசனை ஒரு பெண் அந்துடையது.
அவள் அங்கே இல்லை.
ஆய்வகத்தில் யாரோ கண்ணாடிக் குழாயில் அவளைச் செய்து
ஐஸ் பெட்டியில் அனுப்பியிருக்கிறார்கள்.
இரவில் ஆண்கள் வருகிறார்கள், காற்றை எதிர்த்து.
காலையில் நான் வருகிறேன்.
ஊசிமுனையால் தொட்டு
ஒன்று, இரண்டு,
இது வெறும் இறக்கை,
அரை என்று எழுதப் படிவத்தில் வழியில்லை.

எனக்கு முன்னால் தெய்வசிகாமணி எண்ணினார்.
அவர் நோட்டில் நாலு, அஞ்சு, நாலு, ஆறு, அஞ்சு.
தையிலும் அஞ்சு, ஐப்பசி அடைமழையிலும் அஞ்சு.
கெடிலம் நிரம்பி, பாலத்தில் போலீஸ் கயிறு கட்டிய வாரம்கூட
பொறிக்கு நாலு பூச்சி தவறாமல் வந்திருக்கிறது,
குடை பிடித்துக்கொண்டு வந்திருக்கும்.
சிரித்தேன்.
மாதக் கடைசியில் என் சம்பளச் சீட்டைப் பார்த்தேன்.
பெட்ரோல் படி என்ற இடத்தில் ஒரு கோடு.
அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தோப்பு குத்தகை அஞ்சலாட்சிக்கு.
"நீ தொங்கவுட்ட பெறகுதான் பூச்சி வருது.
வெத்தல பாக்கு வச்சுக் கூப்ட்ட மாதிரி."
புடிக்கறதுக்கு இல்லீங்க, தெரிஞ்சிக்கறதுக்கு.
"தெரிஞ்சி?"
பொறிக்கு எட்டத் தாண்டினா மருந்து. இல்லன்னா வேணாம்.
"வேணாங்கறதச் சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்?"
ஆமாங்க.
அவள் மரத்தடியில் துப்பிவிட்டுப் போனாள்.

மார்கழி முழுக்கச் சுழி.
பன்னிரண்டு சுழிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடும்போது
வேலைக்கே வராதவள் போலக் கை கூசும்.
ஒரு வாரம் நாலு என்று எழுதிப் பார்த்தேன்.
பென்சில்தான்.
அழித்தேன்.

மாசி. மூசுகள் முள்விடத் தொடங்கி
தண்டெல்லாம் பால்வாசனை.
பத்து மரத்தில் ஒன்றோ சுழியோ,
பன்னிரண்டாவதிலும் அப்படியே.
ஒன்பதில் பதினேழு.
மறுபடி எண்ணினேன். பதினேழு.
பசையில் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று,
சில இன்னும் துடித்தபடி.

அலுவலகத்தில் போனை எடுத்தவர் சொன்னார்:
"மொத்தம் இருபத்து நாலா? பன்னிரண்டால் வகுங்க.
ரெண்டு. எல்லைக்குக் கீழதான்."
வகுத்தேன். சரியாகத்தான் வந்தது.
ஆனால் அந்த இரண்டு எந்த மரத்திலும் இல்லை,
ரப்பர் மூடிக்குள் இல்லாத அவளைப் போல.

ஒன்பதாம் மரத்தின் பின்னால் போய்ப் பார்த்தேன்.
போன பருவத்தில் துளை விழுந்து உதிர்ந்த பிஞ்சுகள்,
கூடை கூடையாகக் கொட்டிய மேடு,
கறுத்து, காய்ந்து, வேலியோரம்.
குச்சியால் கிளறினேன்.
கூட்டுப்புழு ஓடுகள். பாதி காலி.
பாதி காலி இல்லை.

அஞ்சலாட்சி குனிந்து பார்த்தாள்.
கொட்டியது யாரென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
மதியத்துக்குள் முழங்கால் ஆழத்தில் குழி,
மேலே சுண்ணாம்பு, அதன்மேல் செம்மண்.
மருந்து அடிக்கவில்லை.
படிவத்தில் 'குறிப்பு' கட்டம் ஒரு விரல் அகலம்,
அதில் 'குழி' என்று மட்டும் எழுத முடிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒன்பதில் மூன்று பூச்சி,
கூடவே ஒரு பல்லி,
நாலு காலும் பசையில், வயிறு உப்பி,
என்னையே பார்த்துக்கொண்டு.
அஞ்சலாட்சி வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது.
ஒவ்வொரு விரலாக விடுவித்தோம்.
வால் எங்களிடம் தங்கிவிட்டது.

எத்தனை தின்றதென்று அது சொல்லவில்லை.
படிவத்தில் எழுதினேன்:
மூன்று.
தின்றது போக.